லிப்பிடுகளின் குடிபெயர்ச்சி

உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்து காப்பது ஒரு மென்சவ்வு. லிப்பிடு என்னும் கொழுப்பு மூலக்கூறுகள் இரு படலங்களாய் அணிவகுத்து அதனை ஆக்குகின்றன. அவற்றின் தலை நீரை விழையும். வால் நீரை வெறுக்கும். அச்சவ்விற் பதிந்த புரதங்களையே மருந்துகள் பல நாடுகின்றன. அப்புரதங்களைத் தனித்தெடுத்து ஆராய்தற்கு அறிஞர் அமைத்த மாதிரிச் சவ்வுகளுள் ஒன்று நானோவட்டு. அதன் விட்டம் ஏறத்தாழ 10 நானோமீட்டர். மீட்டரை நூறு கோடியாய்ப் பகுத்த கூறு ஒன்றே நானோமீட்டராம். வட்டின் விளிம்பைப் புரதக் கச்சையேனும், ஸ்டைரீனும் மலேயிக் அமிலமும் இணைந்த பாலிமரேனும் சுற்றி நிற்கும். பாலிமரோ உயிரணுச் சவ்வினின்றே புரதத்தை அண்டை லிப்பிடுகளோடு ஒருங்கே எடுக்க வல்லது. ஆதலின், அவ்வட்டினை இயற்கைச் சூழல் கெடாதது எனப் பலர் புகழ்வர். அப்புகழுரை ஆராய்ந்து கொள்ளத்தக்கது என்பதே எம் கருத்து.

என்னை? லிப்பிடுகள் ஒரு வட்டில் நிலைத்திருப்பன அல்ல. அவை குடிபெயரும் வழி இரண்டு. ஒன்று, தனியே நீரிற் புறப்பட்டு வேறொரு வட்டை அடைதல். வால் நீரை வெறுத்தலின் இஃது அரிதாகவே நிகழும். வால் நீளுந்தோறும் மேலும் அரிதாகும். மற்றொன்று, வட்டுகள் இரண்டு மோதுங்கால் நேரே கைமாறுதல். வட்டுகள் செறியச் செறிய இவ்வழி விரைவுபெறும். முன்னையதன் விரைவோ செறிவால் மாறுவதில்லை. இவ்வேறுபாடு கொண்டே வழியைத் துணிவர். ஒளிரும் சாயம் இரண்டு ஏற்றிய வட்டுகளைச் சாயமற்ற வட்டுகளோடு கலப்பர். அருகிருக்கையில் ஒன்றன் ஆற்றலை மற்றொன்று கவரும். லிப்பிடுகள் பரவிச் சாயங்கள் பிரியுங்கால் முதற்சாயத்தின் ஒளி மிகும். அம்மிகுதியே விரைவின் அளவாம்.

பாலிமர் சூழ்ந்த வட்டுகளில் மோதல்வழி மாற்றம் மிக விரைந்து நிகழ்தலை 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. அங்ஙனமாயின், புரதத்தைச் சூழ்ந்த அண்டையர் பொதுக்கூட்டத்திற் கலந்துபோதல் கூடுமன்றோ? புரதம் இறுகப் பற்றிய லிப்பிடுகள் சில நீங்காதிருக்கலாம் என்பாரை யாம் மறுக்கவில்லை. எனினும், எவை நின்றன, எவை பெயர்ந்தன என அளந்தறியாது அனைத்தையும் இயற்கை என்றல் பொருந்தாது. அவ்வளவைக் கொண்டு மருந்து தேடுவார் வழிதவறவுங்கூடும்.

ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர், பிற சுவடிகளின் பாடம் இதில் விரவியதோ என முதற்கண் வினவுவர். தமிழ் பயிலும் எமக்குப் பழகிய அவ்வினாவே இங்கும் வேண்டப்படுவது. வட்டினைப் புகழ்வார், அதன் லிப்பிடுகள் பெயரும் விரைவையும், ஆய்வு நிகழ்ந்த செறிவையும், கழிந்த காலத்தையும் உடன்கூறுக. அதன்பின் இயற்கை என்னும் பெயரை யாமும் உவந்து வழங்குவேம்.