பார்த்தீனியமும் பொதுக் கடமையும்

தக்காணத்தின் மானாவாரி நிலங்களில் ஆண்டுதோறும் முதல் மழை பெய்தவுடன், குடியானவனுடைய சோளமும் கம்பும் தலைதூக்குமுன் ஒரு பூண்டு தரையைப் பிடித்துக்கொள்ளுகிறது. அதுவே பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்திற்குரிய இச்செடி 1955-ஆம் ஆண்டில் பூனாவில் காணப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் தேசத்தின் பெரும்பகுதியில் பரவிவிட்டது. அமெரிக்க உதவிக் கோதுமையுடன் வந்தது என்பது ஜனங்களின் பேச்சு. அவ்வுதவிக்கான உடன்படிக்கை கையொப்பமானதோ 1956 ஆகஸ்டில். பின்னர் நிகழ்ந்தது முன்னர் நிகழ்ந்ததற்குக் காரணமாகாது. எவ்வழியே வந்ததென்ற வழக்கைக் காட்டிலும், அதை எவ்வாறு ஒழிப்பது என்பதே இன்று முக்கியமான விஷயம்.

புன்செய்க் குடியானவனுக்கு மண்ணிலுள்ள ஈரமே மூலதனம். பார்த்தீனியம் முளைத்ததும் இலைகளைத் தரையோடு தரையாக விரித்து, அடியில் வேறொன்றும் எழவொட்டாமல் மறைக்கிறது; ஈரத்தை உறிஞ்சுகிறது; தன் உடலிலுள்ள நச்சுச் சத்தால் அண்டையிலுள்ள விதைகளின் முளைப்பையும் தடுக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் பூத்துவிடுகிறது. ஒரே செடி 10,000-க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கவல்லது. கால்நடைகள் அதை விரும்பி மேய்வதில்லை. ஆகவே பக்கத்திலுள்ள நல்ல புல் அழிய, இது மட்டும் தழைக்கிறது. இதைக் கையால் பிடுங்கும் கூலிப் பெண்களில் பலருக்குச் சொறியும் தோல் வெடிப்பும் உண்டாகின்றன. விளைச்சலின் நஷ்டத்தைக் கணக்கிடுவோர் இந்நஷ்டத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

“களையெடுப்பது குடியானவன் வேலைதானே?” என்று சிலர் வினவலாம். அவன் தன் வயலை எத்தனை முறை கொத்தினாலென்ன? சாலையோரத்திலும், ரெயில் பாதையருகிலும், புறம்போக்கிலும் பூத்த செடிகளின் விதை, காற்றிலும் மழைநீரிலும் வண்டிச் சக்கரத்திலும் அவன் வயலுக்கு வந்து சேருகிறது. பிறர் நிலத்தில் விளைந்த தீமைக்கு அவன் ஒருவனே கூலி கொடுப்பது நியாயமன்று.

பூச்சிகளின் துணையை நாம் இகழவில்லை. 1926-இல் இலங்கையிலிருந்து தருவித்த ஒருவகைப் பூச்சி, தென்னாட்டில் காடாய் மண்டியிருந்த சப்பாத்திக் கள்ளியைச் சில ஆண்டுகளில் அடக்கியது. அம்முறையைப் பின்பற்றி, மெக்சிகோ தேசத்து வண்டொன்று 1980-களில் பெங்களூரில் தருவிக்கப்பட்டுப் பார்த்தீனியத்தின்மீது விடப்பட்டது. அது மழைக்காலத்தில் இலைகளைத் தின்றழிக்கிறது. வறண்ட மாதங்களிலோ மண்ணுக்குள் உறங்கிக்கிடக்கிறது. முதல் மழையில் முளைக்கும் செடிகள், வண்டுகள் பெருகுமுன் வளர்ந்துவிடுகின்றன. அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

சட்டமும் நமக்குப் புதிதன்று. 1919-இல் சென்னை இராஜதானியில் இயற்றப்பட்ட விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம், தீய களைகளையும் தன் அதிகாரத்துள் அடக்கிற்று. ஆனால் வயலுக்குரியவனை மாத்திரம் கட்டாயப்படுத்தி, சர்க்கார் தன் சொந்த நிலத்தைக் களைக்கு விட்டுவைக்குமாயின், அச்சட்டம் ஏழையின்மீது விதித்த வரியாகவே முடியும். கடமை முதலில் பொது நிலத்தில் தொடங்கவேண்டும். சாலை, ரெயில்வே இலாகாக்களும் பஞ்சாயத்துகளும், மண் ஈரமாயிருக்கும்போதே, பூப்பதற்கு முன், வேரோடு பிடுங்க ஆட்களை நியமிக்கட்டும். அவர்களுக்குக் கையுறையும் நியாயமான கூலியும் கொடுக்கட்டும். இவ்வளவும் செய்தபின் குடியானவனை நோக்கி, “உன் வயலைச் சுத்தமாக வை” என்று சொல்லும் உரிமை சர்க்காருக்கு உண்டாகும். அதற்கு முன் இல்லை.