கப்பலில் ஏறும் மெசின் லொறியில் ஏறாதாம்

2023 ஜூனில் சென்னையில் இருந்து வந்த ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பல் காங்கேசன்துறையில் நின்றபோது, கனடாவில் இருக்கும் பெரிய மாமா வீடியோ கோலில் அப்பாவிடம் சொன்னார்: “மச்சான், அடுத்தமுறை நாங்களும் உதில ஏறுவம்.” பிறகு அவருடைய பிள்ளைகளே கரீபியன் பக்கம் போற ஒரு கப்பலுக்கு ரிக்கெற் போட்டுக் குடுத்தார்கள். மனுசன் மாட்டன் எண்டிட்டார். காரணம், இரவில் முகத்தில் மாட்டிக்கொண்டு படுக்கிற மூச்சு மெசின்.

மாமாவுக்கு உள்ளது தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய். ஆழ்ந்து தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை மூடிவிடும். மூளை திடுக்கிட்டு ஆளை எழுப்பும், அந்த ஆளுக்கு எழும்பினதே தெரியாது. மணித்தியாலத்துக்கு 30 தடவை, அதற்கு மேலும் இப்படி நடந்தால் அது கடுமையான நிலை. காற்றை ஒரே அழுத்தத்தில் ஊதி அந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பதுதான் மெசின்ர வேலை. சிட்னியில் கொலின் சலிவன் என்ற மருத்துவர் கண்டுபிடித்து 1981இல் எழுதி வெளியிட்டது. எங்கட ஊரில் குறட்டை எண்டால் இன்னும் பகிடிதான். “நல்ல நித்திரை” எண்டு பாராட்டுறவையும் இருக்கினம். குறட்டை சத்தம் போடேக்க அல்ல, திடீரெண்டு நிக்கேக்கதான் பயப்பட வேணும்.

மாமாவுக்காக நான் இருந்து தேடிப் படித்தேன். கப்பல்காரருக்கு இது புதினமே இல்லை. முற்கூட்டியே சொன்னால் பல கம்பனிகள் மெசினுக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணியை அறையிலேயே வைக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் இல்லாவிட்டால் நீட்டு வயர் தரும். ஆனால் மின்னல் பாதுகாப்பு உள்ள வயர்ப்பெட்டியை வீட்டில் இருந்து கொண்டு போகக்கூடாது. கப்பலின் மின்சார அமைப்பு வேற மாதிரி, அது தீப்பிடிக்கலாம் எண்டு அமெரிக்கக் கடலோரக் காவல்படையே எச்சரித்திருக்கு. பெரிய பெட்டிகள் அறைக்கு வந்துசேர இரவாகிவிடும், ஆனபடியால் மெசினைக் கையோடதான் காவ வேணும். 110 வோல்ற்றோ 230ஓ, இப்பத்தைய மெசின்கள் பெரும்பாலும் இரண்டையும் தாங்கும். எல்லாத்தையும் சொன்னேன். மாமா போனார். டெக்கில் நிண்டு படமும் அனுப்பினார்.

இனித்தான் எங்கட வீட்டுப் பிரச்சினை. அப்பாவுக்கும் அதே நோய், அதே மெசின். அவர் லொறி ஓட்டுறவர். கிளிநொச்சியில் இருந்து தம்புள்ளைக்குப் போய், மரக்கறி ஏத்துமட்டும் லொறிக்குள்ளேயே படுத்து எழும்பி, விடிய முதல் ஏ9 வழியாகத் திரும்புவார். அந்த இரவுகளில் மெசின் வீட்டு அலுமாரியில். அதாவது நித்திரை மிகவும் தேவைப்படுகிற இரவில் அவருக்கு நித்திரை இல்லை. பகலில் கண் சொக்கும் வருத்தத்தோட ஸ்டியரிங் பிடிக்கிற ஆளை நினைச்சால் எனக்குப் படிப்பே ஓடாது. பாடகர் பப்பி லஹிரி 2022இல் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணமும் இந்த நோய்தான்.

அப்பாவிடம் கேட்டால் ஆயிரம் சாட்டு. கரண்ட் இல்லையாம். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதால அதைச் சாட்டு எண்டு முழுசாய்த் தள்ளவும் மாட்டேன். ஆனால் லொறி பற்றரியிலேயே மெசினை ஓட்டலாம். 12, 24 வோல்ற்றுக்கு அந்தந்த மெசினுக்கெண்டே மாற்றி விக்கிறார்கள். அதிகம் கரண்ட் இழுப்பது தண்ணியைச் சூடாக்கும் பகுதிதான். பெரும்பாலான மெசின்களில் அதை ஒரு இரவுக்கு நிப்பாட்டிவிடலாம், காற்று கொஞ்சம் வறட்சியாய் இருக்கும், அவ்வளவுதான். அதோட தண்ணி தேடுற கரைச்சலும் இல்லை. எங்கட கிணத்துத் தண்ணியை விட்டால் கேத்தில் அடியில் படியிற வெள்ளைதான் அதுக்குள்ளயும் படியும். காய்ச்சி வடித்த தண்ணி எண்டு கடையில கேட்டால் பற்றரித் தண்ணியைத் தூக்கித் தருவாங்கள்.

கப்பல் கம்பனி ஒரு படிவத்தில் கேட்கிற கேள்வியை எங்கட பக்கம் ஒருத்தரும் கேட்பதில்லை. கொழும்புக்குப் போற இரவு பஸ்ஸில் இப்படி ஒரு ஆள் ஏறுவார் எண்டு யாரும் யோசிச்சதே இல்லை. சம்பள வேலையோ கூலி வேலையோ, இரவில் வெளியில் தங்கிற ஆம்பிளையள் எத்தனை பேர். அவர்களுக்கும் மூச்சு ஒண்டுதானே. சந்தையில் லொறி நிக்கிற இடத்தில் நாலு பிளக் வைப்பது பெரிய காசில்லை.

உண்மைக் காரணம் வெக்கம். “கிளீனர் பெடியனுக்கு முன்னால உதை மாட்டிக்கொண்டு படுக்கிறதோ?” எண்டார் ஒருநாள். அந்தத் தம்பி அப்பாவின் குறட்டை தாங்கேலாமல் லொறிக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிறவன் எண்டது அவருக்குத் தெரியாது.

வயர் வாங்கியாச்சு. போன கிழமை மெசின் பை சீற்றுக்குப் பின்னால ஏறினது. திறந்தவரோ எண்டு கேட்டேன், மறுமொழி இல்லை. கிளீனர் தம்பி எங்க படுத்தவன் எண்டுதான் விசாரிக்க வேணும்.