நீல வரைபடத்துக்குள் ஒரு காந்தம்

கேரளத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குக் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பேசும் மொழியாகச் சுருங்கி வருகிறது. நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஆத்திசூடியும் திருக்குறளும் சொல்லித் தருகிறோம். மிக நல்லது. அதோடு மாதம் ஒரு மணி நேரமாவது விஞ்ஞானத்தையும் தமிழில் சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து.

"கடினமான விஷயங்களைத் தமிழில் சொல்ல முடியுமா?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். முடியும் என்று வாயால் சொன்னால் போதாது. ஆகவே கடினமான விஷயம் ஒன்றையே எடுத்து இங்கே சொல்லிப் பார்க்கிறேன். நான் படித்தது டிப்ளமோதான். எனக்கு விளங்கியது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளங்காதா என்ன?

நான் ரயில்வேயில் சேர்ந்தபோது டிராயிங் ஆபீசில் அம்மோனியா பிரிண்ட் வந்துவிட்டது. ஆனால் ரிக்கார்டு அறையில் பழைய பாலங்களின் புளூபிரிண்ட் சுருள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. நீலத் தாளில் வெள்ளைக் கோடுகள். இந்த முறையை 1842ல் கண்டவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. இரண்டு இரும்பு உப்புக்களைக் கரைத்துக் காகிதத்தில் பூசி, மேலே டிரேசிங் தாளை வைத்து வெயிலில் காட்டித் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகும். கோடு மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். அந்த நீலத்தின் பெயர் பிரஷ்யன் நீலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்லினில் சாயமாகச் செய்யப்பட்ட பொருள்.

அதற்குள் இருப்பது இரும்பும் சயனைடும். சயனைடு என்றதும் பயப்பட வேண்டாம். இந்த நீலத்தில் அது இரும்போடு இறுகக் கட்டுண்டு கிடக்கிறது. கதிரியக்க சீசியமும் தாலியம் விஷமும் உடம்பில் சேர்ந்தவர்களுக்கு இதே நீலத்தை மருந்தாகக் கொடுக்கிறார்கள். 2003ல் அமெரிக்க மருந்துத் துறையும் அதற்கு அனுமதி அளித்தது.

சயனைடு என்பது ஒரு கார்பன் அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் சேர்ந்த ஜோடி. அதன் ஒரு முனை ஓர் இரும்பு அயனியைப் பிடிக்கிறது, மறுமுனை அடுத்த இரும்பு அயனியைப் பிடிக்கிறது. இப்படி மூன்று திசையிலும் நீண்டு ஒரு சாரம் கட்டியதுபோல் படிகம் அமைகிறது. ரசாயனக்காரர்கள் இதைச் சயனைடு பாலம் என்றே சொல்கிறார்கள். நான் குடியிருக்கும் வல்லார்பாடத்துக்கு இடப்பள்ளியிலிருந்து வரும் ரயில் பாலத்தின் நீளம் 4.62 கிலோமீட்டர். இந்தப் பாலத்தின் நீளமோ இரண்டே அணுக்கள்!

பாலம் என்ன செய்யும் என்று நம் தீவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004ல் கோஸ்ரீ பாலங்கள் திறப்பதற்கு முன்பும் எர்ணாகுளம் இதே தூரத்தில்தான் இருந்தது. ஆனால் படகை நம்பிய பிழைப்பு வேறு, பாலம் வந்த பிறகு உள்ள பிழைப்பு வேறு. அயனிகளுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு அயனியிலும் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் இருந்தால், அது ஒரு சின்னஞ்சிறு காந்த ஊசி. ஓர் ஊசி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்ற செய்தி பாலத்தின் வழியாகவே அடுத்த ஊசிக்குப் போகிறது.

பிரஷ்யன் நீலத்தில் ஒரு சிக்கல் உண்டு. நைட்ரஜன் பக்கம் உள்ள இரும்பில் ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் ஐந்து. கார்பன் பக்கம் உள்ள இரும்பில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஓர் ஊசிக்கும் அதே நேர்கோட்டில் உள்ள அடுத்த ஊசிக்கும் நடுவே இரண்டு பாலங்களும், ஊசியில்லாத ஓர் இரும்பும் நிற்கின்றன. இடைவெளி, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வகுத்தால் வரும் ஒரு பங்கு. அணு உலகில் இது நீண்ட தூரம். செய்தி மெலிந்துதான் சேர்கிறது. அதனால் எல்லா ஊசிகளும் ஒரே திசையில் நின்று நீலம் காந்தமாவது மைனஸ் 267 டிகிரிக் குளிரில்தான்.

இரும்பை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஊசியுள்ள வேறு உலோகங்களை வைத்தால்? பிரான்சில் வெர்டகெ என்ற விஞ்ஞானியின் குழு இதைத்தான் செய்தது. இங்கே ஒரு விதி உண்டு. இரு அயனிகளின் எலெக்ட்ரான் மேகங்களும் பாலத்தின் மேல் ஒன்றோடொன்று கலந்தால், ஊசிகள் எதிரெதிராக நிற்கும். கலக்காமல் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்தால், ஒரே பக்கம் நிற்கும். நிக்கலும் குரோமியமும் இரண்டாம் வகை. அவற்றைக் கொண்டு 1992ல் மைனஸ் 183 டிகிரி வரை எட்டினார்கள்.

வனேடியமும் குரோமியமும் முதல் வகை. எதிரெதிராக நின்றால் காந்தம் அழிந்துபோகாதா என்று கேட்கலாம். ஒரு ரேக்கின் இரண்டு முனையிலும் என்ஜின் மாட்டி எதிர்த்திசையில் இழுத்தால், பலம் சமமானால்தான் வண்டி நகராது. ஒன்று பலத்தால் மிஞ்சினால் வண்டி அந்தப் பக்கம் போகும். இந்தப் பொருளில் இரு பக்கத்தின் பலமும் சமமில்லை. மிச்சம் காந்தமாக நிற்கிறது. நம் வீட்டு ஒலிபெருக்கியின் ஃபெர்ரைட் காந்தமும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. 1995ல் வெளியான அந்த வனேடியம்-குரோமியம் சேர்மம் 42 டிகிரி வெப்பம் வரை காந்தமாக இருந்தது. நம் கொச்சியின் மீன வெயிலையும் அது தாங்கும்! 1999ல் அமெரிக்காவில் செய்த அதன் உறவுப் பொருள் 103 டிகிரியைத் தொட்டது. உலையில் உருக்காமல், தண்ணீரில் கரைத்துக் கலந்து செய்யும் காந்தங்கள் இவை. 2008ல் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் அவர்களுடன் உழைத்தவர்களும், தாமிரம், மாங்கனீசு, இரும்பு சேர்ந்த இதே இனத்துப் பொருள் குளிரும்போது ஏன் தன் காந்தத் திசையையே மாற்றிக்கொள்கிறது என்று விளக்கினார்கள்.

ஓர் அயனியின் காந்த குணத்தைச் சுற்றிலும் உள்ள அண்டை அணுக்கள் எப்படி மாற்றுகின்றன என்பதை அளந்து காட்டிய முன்னோடிகளில் ஒருவர் நம்மவர். வத்திராயிருப்பில் 1898ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்துகொண்டு, படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். பிறகு அலகாபாத், தில்லி என்று ஆயுளின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கழித்தார். தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். வெளியூரில் வாழ்வது தமிழை விடுவதற்குக் காரணமாகாது என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"மார்க் வாங்க ஆங்கிலம் போதுமே" என்பார்கள். மார்க்குக்குப் போதும், மறுக்கவில்லை. ஆனால் பாடத்தில் உள்ள 'ஏன்' என்ற கேள்வி வீட்டுக்குள் வர வேண்டுமானால், பாட்டிக்கும் பேரனுக்கும் பொதுவான மொழியில் வர வேண்டும். வந்தால், பேரன் பேசுவது பாட்டிக்குப் புரியும். பாட்டி கேட்பதற்குப் பேரன் யோசித்துப் பதில் சொல்வான்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் சிறியது. வரும் கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு காலை, மழை வருமுன், பிள்ளைகளைக் கூட்டி ஒரு நீலப் படம் எடுக்கச் செய்வோம். டிரேசிங் தாளுக்குப் பதிலாக ஓர் அரச இலை போதும். கையுறை வேண்டும், பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும், கரைசலை ஆசிட்டோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. செலவு அதிகமில்லை. படம் காயும் நேரத்தில் பாலத்தின் கதையைத் தமிழில் சொல்லலாம். நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ரயில்வே, துறைமுக, மின்வாரியக்காரர்கள் பலர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் ஒரு வருஷம் ஓடிவிடும். முதல் மாதத்துக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.