தோழிக்குத் தோழி யார்?

பள்ளிதோறும் ஓர் உளவியலாளர் வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறோம். நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 100 மாணவருக்குக் குறையாத ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் 'ஒருவரையேனும்' என்ற அந்தச் சொல்லில்தான் நமது ஐயம் தொடங்குகிறது.

திருப்பூரில் இப்பணியில் இருக்கும் சிலரை நாம் அறிவோம். அவர்களது அன்றாடத்தை அருகிருந்து பார்த்தால், இது எத்துணைத் தனிமையான தொழில் என்பது விளங்கும். ஆசிரியர் அறையில் அவர்களுக்கு நாற்காலி உண்டு, பேச்சுத்துணை இல்லை. மாணவரைப் பற்றி ஏதேனும் சொல்லிவிடுவாரோ என்று ஆசிரியர்களுக்குத் தயக்கம். ஆசிரியர்களிடம் சொல்லிவிடுவாரோ என்று மாணவர்களுக்கு அச்சம். பல தனியார் பள்ளிகளில் ஆசிரியர் வராத வகுப்பை மேய்ப்பதும் ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்குவதும் இவர்கள் தலையில்தான். பேசுவதற்கென்று கிடைக்கும் இடம் நூலகத்தின் ஒரு மூலை. அதுவும் இல்லையேல் வேப்பமரத்தடி.

இந்த ஊருக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. 'பெற்றோரை அழைத்து வா' என்பது வேறு ஊர்களில் எளிய வாக்கியம். இங்கே தாய் செக்கிங்கிலும் தந்தை பவர் டேபிளிலும் ஒன்றரை ஷிப்டு பார்க்கிறவர்கள். காலை 8.30க்குக் கம்பெனிக்குள் போனால் இரவு 8.30க்குத்தான் வெளியே வருவார்கள். பள்ளிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே தேநீர் இடைவேளையில், தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, கைப்பேசியில் பத்து நிமிடம் கிடைக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு பேசுவதற்குச் சொல்லே கைவசம் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, வயிற்றுவலி என்று வகுப்பை விட்டு வந்த பிள்ளைகள் மிகுந்தனர் என்றார் நண்பர் ஒருவர். பனியன் கம்பெனிக்கு ஆர்டர் நின்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் ஊர் இது.

தமிழ் படித்தவர்களுக்கு இப்பணி புதிதன்று. அகப்பாடல்களின் தோழியை நினைத்துக்கொள்க. தலைவியின் மனத்துள் கிடப்பதை முதலில் கேட்பவள் அவள். உற்ற காலத்தில் அதைச் செவிலிக்கு உரைப்பவளும் அவளே. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையனுக்கும் என்று மறைபொருள் படிப்படியாக வெளிப்படுவதை 'அறத்தொடு நிற்றல்' என்பர். எதைக் காப்பது, எதை, யாரிடம், எப்போது சொல்வது என்ற இந்த நுட்பந்தான் பள்ளி உளவியலாளரின் தொழில் முழுவதும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் தண்டனை. 'யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்' என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுத சிறுமியிடம், சொல்லியே ஆகவேண்டும் என்பதை விளக்கிவிட்டு வந்து, அன்று மாலை பேருந்தில் ஏறி வீடு திரும்ப வேண்டும். வீட்டிலும் வாய் திறத்தலாகாது. சங்கத் தோழிக்கு ஊரே உறவு. இவர்களுக்கு யார்?

நமது நண்பர்கள் தாமாகவே ஒரு விடை கண்டிருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க்கடையில் ஐந்தாறு பேர் கூடுகிறார்கள். ஒருவருக்கு ஒடியா கொஞ்சம் தெரியும். தேவைப்படும்போதெல்லாம் மற்றவர்கள் அவரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். படிவங்களும் பட அட்டைகளும் கைமாறுகின்றன. 'மனசு டாக்டர்' என்று காவலாளி வணக்கம் வைத்த கதைக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிறகு ஒருவர் குரல் தாழ்கிறது, மற்றவர்கள் கேட்கிறார்கள். 'நீங்க செஞ்சது சரிதாங்க' என்ற ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் வருகிறார்கள்.

இவ்வாறு கூடுவதை அலுவலகப் பணியாகவே கருத வேண்டும் என்பது நமது துணிபு. தமிழக அரசு 2013இல் மாணவர்களுக்கென நடமாடும் உளவியல் ஆலோசனை வண்டிகளைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அன்றிருந்த 32 மாவட்டங்களுக்கு 10 வண்டிகள். வண்டிக்கு ஓர் உளவியலாளர். ஒருவரே மூன்று மாவட்டங்களில் சுற்றினால், பிள்ளைகளை மறுமுறை சந்திப்பதே அரிது. சக தொழிலரைச் சந்திப்பது எங்ஙனம்? இப்போது பள்ளிக்கொருவர் என்று நியமிக்கும்போதும் அதே தனிமையைப் பள்ளிதோறும் பெருக்கிவிடக் கூடாது.

வெளியில் கூடினால் பள்ளியின் செய்திகள் கசியும் என்று நிர்வாகங்கள் அஞ்சுவதை அறிவோம். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. அந்தத் தேநீர்க்கடையிலும் எந்தப் பிள்ளையின் பெயரும் எந்தப் பள்ளியின் பெயரும் ஒலிப்பதில்லை. நாம் கேட்பது, மாதத்தில் ஓர் அரைநாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல், சம்பளத்தோடு கூடிய வேலைநாளாக. கூடுவதற்கு ஓர் அறை. சிக்கலான நேர்வுகளில் வழிகாட்ட அனுபவம் மிக்க மூத்தவர் ஒருவர். புதிதாக அமர்த்தப்படும் உளவியலாளர்களின் பணி ஆணையிலேயே இதை எழுதிவிடலாம்.