பெட்டிக்குள் வரும் பூஞ்சை

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் சாலையில்தான் விமான நிலையம் இருக்கிறது. 2023 ஜூலை இறுதியில், கோலாலம்பூரிலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டிகளில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் அங்கே பிடிபட்டன. "கடித்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கத் தோன்றும். மாணவர்களே, மலைப்பாம்புக்கு நஞ்சு கிடையாது. நான் கேட்பது வேறு. அவற்றின் தோலிலும் குடலிலும் என்னென்ன வந்து இறங்கின?

ஊடுகதிர்க் கருவி பாம்பின் எலும்பைக் காட்டும். பூஞ்சைக் காளானின் வித்தைக் காட்டாது. தவளைகளைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையின் நீந்தும் வித்து 3 முதல் 5 மைக்ரான் அளவுதான். இப்பூஞ்சை தோலைத் தடிக்கச் செய்கிறது. தவளை தோல் வழியாகத்தானே நீரையும் உப்பையும் பெறுகிறது? சோடியம், பொட்டாசியம் அயனிகளின் போக்குவரத்து குலைந்து, முடிவில் இதயம் நின்றுவிடுகிறது. 1999-இல் இப்பூஞ்சைக்குப் பெயரிட உதவியது வாஷிங்டன் விலங்குக் காட்சிச் சாலையில் இறந்த ஒரு நீலத் தவளை. அடைத்து வளர்த்த பிராணி என்பதைக் கவனியுங்கள்! 2019-இல் வெளியான கணக்கின்படி இப்பூஞ்சை வகையால் 501 இனங்கள் குறைந்துள்ளன. அவற்றுள் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளையிலும் இது இருப்பது 2011-இல் அறிவிக்கப்பட்டது.

"புதுக்கோட்டை வெயிலில் எந்தப் பூஞ்சை பிழைக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இக்கேள்வி பிடிக்கும். கைட்ரிட் 17 முதல் 25 டிகிரி சென்டிகிரேடில் செழிக்கும். 30-ஐத் தாண்டினால் தளர்ந்துவிடும். ஆகவே பாதி சரி. ஆனால் பெசிடியோபோலஸ் என்றொரு பூஞ்சை பல்லி, தவளைகளின் குடலில் சாதுவாக வாழ்ந்து, எச்சத்தோடு மண்ணில் விழுகிறது. அபூர்வமாக மனிதத் தோலுக்கடியில் புகுந்து கட்டியாக வளர்கிறது. 37 டிகிரி உடல் வெப்பம் அதைத் தடுப்பதில்லை. தென்னிந்தியாவிலும் இந்நோய் பதிவாகியிருக்கிறது. (இதற்காக வீட்டுப் பல்லியை அடிக்கக் கிளம்பாதீர்கள்! கையையும் காயத்தையும் கழுவுங்கள்.)

பிடித்ததோடு வேலை முடிந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். பிடிபட்டவற்றைத் தனியே வைத்து, தோலைப் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதிக்க வேண்டும். நெதர்லாந்தின் சாலமாண்டர்களை அழித்த மற்றொரு கைட்ரிட் 2013-இல் கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து வளர்ப்புப் பிராணி வாணிபத்தோடு அது போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அமெரிக்கா விழித்துக்கொண்டு, 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. நமது 2022-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அயல்நாட்டு அரிய உயிரினங்களை வளர்ப்போரைப் பதிவு செய்யச் சொல்கிறது. நல்லதுதான், ஆனால் பதிவு வேறு, சோதனை வேறு.

உங்களில் சிலர் வீட்டில் சிவப்புக் காது ஆமை இருக்கும். தொட்டி போதாமற்போனதும் அதை ஊருணியில் விடுவது புண்ணியம் என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். விடாதீர்கள்; வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். தொட்டித் தண்ணீரையும் ஊருணிப் பக்கம் கொண்டுபோகாமல், வெயில் காயும் கட்டாந்தரையில் ஊற்றுங்கள்.