ஏரியின் நலத்தைப் பாசியிடம் கேட்போம்

கோடை தொடங்கி ஊர் ஏரி பச்சையாக மாறும்போது கரையில் நான்கு விதமான பேச்சு எழுகிறது. சுற்றுப்புறத்தில் குடியிருப்பவர்கள் சாக்கடை கலந்துவிட்டது என்கிறார்கள். மீன்பாசி குத்தகை எடுத்தவர், பச்சைத் தண்ணீரில்தான் மீன் வளரும் என்கிறார். மாதிரி எடுத்துச் சோதித்த அலுவலரின் அறிக்கையில் எண்கள் வரம்புக்குள் இருக்கின்றன. ஆயக்கட்டு விவசாயிக்கோ மதகு திறந்து தண்ணீர் வந்தால் போதும், நிறம் ஒரு பொருட்டில்லை. நால்வர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. நால்வரும் ஏற்றுக்கொண்டு ஒன்றாக அமர்ந்து பேசுவதற்கு ஒரு பொதுச் சான்றுதான் இல்லை. அந்தச் சான்று ஏரித் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கிறது.

தண்ணீருக்குப் பச்சை நிறம் தருபவை தாவர மிதவை உயிரிகள். பெரும்பாலும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் இவை. வெயிலையும் நீரில் கரைந்துள்ள சத்துகளையும் கொண்டு உணவு தயாரித்து, ஏரியின் உணவுச் சங்கிலியைத் தொடங்கி வைப்பவை. சிலிக்காவால் கூடு கட்டிக்கொள்ளும் டயாட்டம்கள், பலவகைப் பச்சைப் பாசிகள், நீந்தித் திரியும் யூக்ளினாக்கள், நீலப்பச்சைப் பாசிகள் என்று இவற்றில் பல குடும்பங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒத்துவரும் சூழல் வேறு. டெஸ்மிட் எனப்படும் பச்சைப் பாசிகளில் பல, ஊட்டம் குறைந்த தெளிந்த நீரில் தழைப்பவை. யூக்ளினாவும் நீலப்பச்சைப் பாசியான ஆசிலட்டோரியாவும் மிகுந்தால் அந்த நீரில் கரிமக் கழிவு சேர்ந்திருக்கக்கூடும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி படலமாகத் திரண்டால் பாஸ்பரஸ் அளவுக்கு மேல் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இவை நாட்கணக்கில் பெருகுபவை, நாட்கணக்கில் மறைபவை. ஆகவே கடந்த சில வாரங்களில் ஏரிக்கு என்ன நேர்ந்தது என்பது இந்தக் கூட்டத்தின் அமைப்பில் பதிந்து நிற்கிறது.

வேதியியல் சோதனை போதாதா என்று கேட்பது நியாயமே. நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை அவற்றின் பயன்பாட்டை ஒட்டி வகைப்படுத்துகிறது. கரைந்துள்ள ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, கார அமிலத்தன்மை, கோலிபார்ம் கிருமிகள் ஆகியவை அதற்கு முக்கிய அளவுகள். இந்த முறை பல ஆண்டுகளாக நமக்கு உதவி வருகிறது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாசி மண்டிய ஏரியில் அது நம்மைத் தவறாக நினைக்க வைக்கும் தருணங்கள் உண்டு. நண்பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுகின்றன. அப்போது மாதிரி எடுத்தால் ஆக்சிஜன் தாராளமாக இருப்பதாகத் தெரியும். அதே பாசிகள் இரவு முழுவதும் ஆக்சிஜனை உட்கொள்வதால் விடியற்காலையில் அளவு சரிந்து மீன்கள் செத்து மிதக்கலாம். பாஸ்பரஸும் அப்படித்தான். கரைந்துள்ள பாஸ்பரஸ் குறைவாக இருப்பது, பாசிகள் அதை ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டதாலும் இருக்கலாம். அலுவலர் சரியாகவே அளந்திருப்பார், மக்களும் சரியாகவே கண்டிருப்பார்கள். இடையில் விடுபட்டுப்போனது பாசிகளின் கணக்கு.

இந்தக் கணக்கை எடுப்பதற்கு நன்கு சோதிக்கப்பட்ட வழிகள் உள்ளன. மாசைத் தாங்கும் பாசி இனங்களுக்கு மதிப்பெண் தந்து கூட்டும் பாமர் குறியீடு 1969-இல் வந்தது. கூட்டுத்தொகை 20-ஐ எட்டினால் கரிம மாசு மிகுதி என்று கொள்ளலாம். பச்சையத்தின் அளவு, நீரின் தெளிவு, மொத்த பாஸ்பரஸ் ஆகியவற்றைக் கொண்டு ஏரியின் ஊட்டநிலையைச் சொல்லும் கார்ல்சன் குறியீடு 1977-இல் வந்தது. தெளிவை அளக்கும் கருவி இவற்றைவிட எளிமையானது. இத்தாலியத் துறவியும் வானியலாளருமான ஆஞ்சலோ செக்கி 1865-இல் பயன்படுத்திய வட்டத்தட்டு அது. 20 செண்டிமீட்டர் தட்டைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். பள்ளி மாணவர்களே செய்துவிடலாம்.

பாசியின் சொல்லைக் கேட்டு ஒரு நகரமே ஒன்றுகூடிச் செயல்பட்ட கதை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் நடந்தது. நகரின் கிழக்கே உள்ள வாஷிங்டன் ஏரிக்குள் 1940-களிலும் 1950-களிலும் சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை விட்டுக்கொண்டிருந்தன. அது சுத்திகரிக்கப்பட்ட நீர்தான், கிருமிகள் பெருமளவு நீக்கப்பட்டது. பாஸ்பரஸ் மட்டும் அதில் தங்கியிருந்தது. 1955-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏரியியல் அறிஞர் எட்மண்ட்சனின் குழு, நீரில் ஆசிலட்டோரியா ரூபெசன்ஸ் என்ற நீலப்பச்சைப் பாசியைக் கண்டது. ஏரி அப்போது பார்வைக்கு மோசமாக இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி சீரழியத் தொடங்கியபோது தலைகாட்டியதும் இதே பாசிதான் என்பதை எட்மண்ட்சன் அறிந்திருந்தார். வரப்போவதை அவரால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

அடுத்து நடந்தவைதான் நமக்கு மிகவும் பயன்படக்கூடியவை. எட்மண்ட்சன் யார் மீதும் குற்றம் சுமத்தவில்லை. பாஸ்பரஸ் வரத்து தொடர்ந்தால் என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று மக்களுக்கும் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் விளக்கினார். ஏரியைச் சுற்றியிருந்த பல உள்ளாட்சிகளை இணைத்து ஒரே கழிவுநீர் அமைப்பு உருவாக்கும் திட்டம் 1958 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. செலவு பற்றிய அச்சமும், உள்ளூர் அதிகாரம் கைநழுவிவிடும் என்ற கவலையும் மக்களுக்கு இருந்தன. அந்தக் கவலைகளை ஒதுக்கித் தள்ளாமல் திட்டத்தைத் திருத்தி அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு நடத்தியபோது மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீர் ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. 1960-களின் நடுவில் ஒரு மீட்டர் ஆழத்திலேயே மறைந்த செக்கி தட்டு, அந்தப் பத்தாண்டின் முடிவில் மூன்று மீட்டர் அளவுக்குத் தெரிந்தது. 1970-களின் பின்பாதியில் அந்த நீலப்பச்சைப் பாசி அரிதாகி, பாசியை மேயும் டாப்னியா என்ற நீர்த்தெள்ளு பெருகியதும் தெளிவு மேலும் கூடியது.

இதை அப்படியே நகலெடுக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சியாட்டில் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆழமான கடற்கழிக்குத் திருப்பியது. நம் உள்நாட்டு ஏரிகளுக்கு அந்த வசதி கிடையாது, கழிவை இங்கேயே சுத்திகரித்தாக வேண்டும். வாஷிங்டன் ஏரி ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஆழமான ஏரியும்கூட. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட பாசன ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆழமற்றவை, வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி வைகாசிக்குள் வற்றிவிடுபவை. வண்டல் கலங்கிய நீரில் செக்கி தட்டு சீக்கிரம் மறைந்தால் காரணம் பாசிதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இத்தகைய ஏரிகளில் ஓரளவு பச்சை இயல்பானது. குளிர்நாட்டு ஏரிகளுக்கு வகுத்த வரம்பை இங்கே வைத்துப் பார்த்தால் நல்ல கண்மாயும் நோயாளியாகத் தெரியும்.

மீன் குத்தகைதாரர் சொல்வதும் இங்கேதான் பொருந்துகிறது. வெள்ளிக் கெண்டை நேராகவே நுண்பாசியை வடிகட்டி உண்ணும். கட்லா பெரும்பாலும் அந்தப் பாசியை மேயும் நுண்விலங்குகளை உண்டு வளர்கிறது. பாசி இல்லாத ஏரியில் மீன் இல்லை. அதனால் அவரை ஏரியின் எதிரியாகப் பார்ப்பது தவறு. அதே சமயம் ஒருவகை நீலப்பச்சைப் பாசி மட்டும் ஏரியை ஆளத் தொடங்கினால் முதலில் நட்டப்படுபவரும் அவரே. ஒருநாள் விடியலில் மொத்த மீனும் மிதந்தால் ஓராண்டு முதலீடு போய்விடும். எத்தனை வகைப் பாசிகள் இருக்கின்றன, எது மேலோங்குகிறது என்று மாதந்தோறும் தெரிந்துகொள்வது வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் உதவும்.

விவசாயிகளின் பங்கையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டார்கள். ஈரி ஏரியில் மண்டிய மைக்ரோசிஸ்டிஸ் வெளியிட்ட மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு குடிநீரில் கலந்ததுதான் காரணம். கொதிக்க வைத்தாலும் போகாத நச்சு அது. அந்த ஏரியின் மேற்குப் பகுதிக்கு வரும் பாஸ்பரஸில் பெரும்பங்கு வயல்களிலிருந்து ஆற்று வழியாக வருவது. இதைக் கேட்டதும் உழவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தத் தோன்றலாம். ஆனால் வயலில் போட்ட உரம் ஏரிக்குப் போய்ச் சேருவது உழவருக்கும் இழப்புதான், அது அவர் காசு கொடுத்து வாங்கிய உரம். மண் பரிசோதனைப்படி உரமிடுவதும், வரத்துக்கால்வாய் ஓரத்தில் புல்லும் செடியும் நிற்க விடுவதும் அவர் கணக்கிலும் லாபமே. மேலும் நம் நகர்ப்புற ஏரிகளில் உரத்தைவிட வீட்டுக் கழிவுநீரும் சோப்புத்தூளும் பெரிய காரணமாக இருக்கலாம். எந்த ஏரியில் எது காரணம் என்பதை ஊகிக்காமல் பார்த்து அறிவதற்குத்தான் பாசிகளின் பதிவு வேண்டும் என்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்க் கட்டமைப்பு ஆணை, ஏரிகளின் சூழல் நிலையை மதிப்பிடத் தாவர மிதவை உயிரிகளையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அங்கே ஒரே வரம்பை எல்லா ஏரிகளுக்கும் விதிக்கவில்லை. ஏரியின் வகைக்கு ஏற்ப, பாதிப்பில்லாத நிலையில் அது எப்படி இருந்திருக்கும் என்று முதலில் வரையறுத்து, அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். நமக்கும் அந்த அடிப்படைப் படம் தேவை. மலைமேல் உள்ள ஏரிக்கு ஒன்று, பாசனக் கண்மாய்க்கு ஒன்று, நகருக்குள் சிக்கிய ஏரிக்கு ஒன்று.

இதற்கான அறிவு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. இந்தியப் பாசியியலின் தந்தை என மதிக்கப்படும் எம்.ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் சென்னையில் பணியாற்றியவர். அவர் வழியில் வந்த டி.வி. தேசிகாச்சாரி எழுதி 1959-இல் வெளிவந்த நீலப்பச்சைப் பாசிகள் பற்றிய நூல் பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் துணைநூலாக விளங்கியது. நம் குளங்களையும் குட்டைகளையும் நுண்ணோக்கி வழியே பார்த்து வளர்ந்த மரபு இது. பாசிகளை இனம்காணும் பயிற்சி பெற்றவர்கள் இன்று குறைந்து வருவது உண்மையிலேயே கவலைக்குரியது. மரபணுச் சோதனைகளுக்குக் கிடைக்கும் மதிப்பில் ஒரு பங்காவது பாசியைப் பார்த்துப் பெயர் சொல்லும் திறமைக்கும் கிடைக்க வேண்டும்.

எல்லா ஏரியையும் அரசே கண்காணிக்க வேண்டும் என்று கேட்பது எளிது. நீர்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உள்ள பணிச்சுமையைப் பார்த்தால் அது நடைமுறைக்கு ஒவ்வாது. தன்னார்வலர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவதும் சரியாகாது, ஆர்வம் தணிந்ததும் பதிவு நின்றுவிடும். இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள கல்லூரியின் தாவரவியல் அல்லது விலங்கியல் துறை இரண்டு மூன்று ஏரிகளைப் பொறுப்பேற்கலாம். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் மாதிரி எடுக்க வேண்டும். மைக்ரோசிஸ்டிஸ் காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கும், அமைதியான காலையில் மேலே மிதந்து வரும் என்பதால் இடமும் நேரமும் மாறக் கூடாது. மாதிரியை அயோடின் கரைசலில் பாதுகாத்து, எண்ணும் கண்ணாடியில் வைத்து நுண்ணோக்கியில் கணக்கிட்டால் செலவு அதிகமில்லை. முடிவுகளைச் சரிபார்க்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகமும், வேதியியல் அளவுகளைத் தரும் பொறுப்பை வாரியமும் ஏற்கலாம். பரிசலும் ஏரியைப் பற்றிய அனுபவமும் மீனவர்களிடம் உள்ளன.

இப்படி ஒரு பதிவு தனக்கு எதிராகத் திரும்புமோ என்ற அச்சம் குத்தகைதாரருக்கும், அருகிலுள்ள தொழிற்கூடத்துக்கும், உள்ளாட்சிக்கும் இருக்கும். அதைப் போக்கும் ஏற்பாடு தொடக்கத்திலேயே வேண்டும். ஒரே ஒரு மாதிரியை வைத்து யார் மீதும் நடவடிக்கை கோருவதில்லை என்றும், நடவடிக்கை பற்றிக் குறைந்தது ஓராண்டுப் பதிவை வைத்தே பேசுவது என்றும் எல்லோரும் ஒப்புக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, பதிவு எதுவும் மறைக்கப்படாமல் தமிழில் ஊராருக்குப் புரியும்படி வெளியாக வேண்டும் என்பதையும் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மீன்கள் சாவது, குடிநீர் ஏரியில் நச்சுப் பாசி திரள்வது போன்ற அவசர நிலைகள் மட்டும் இதற்கு விலக்கு. அப்போது அன்றைக்கே எச்சரிக்கை தரப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் மார்ச் 22, உலக நீர் நாளும் ஒன்று. பருவமழையில் நிரம்பிய ஏரியில் தை மாதம் முதல் மாதிரி எடுத்தால், அந்தச் சபை கூடுவதற்குள் மூன்று மாதப் பதிவு கையில் இருக்கும். எந்தப் பாசி எவ்வளவு, செக்கி தட்டு எத்தனை செண்டிமீட்டர் என்ற ஒரு பக்க அறிக்கையை மாணவர்களே அங்கு வாசிக்கலாம். நகரங்களில் பகுதி சபைக் கூட்டத்தில் இதையே செய்யலாம். குடியிருப்போரும் குத்தகைதாரரும் அலுவலரும் விவசாயியும் கோடைக்குள் என்ன செய்யலாம் என்று அந்தத் தாளை நடுவில் வைத்துப் பேசத் தொடங்கட்டும்.