பேசாமலே புரியுமாம்

நண்பனின் மனைவி வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றாள். அந்த எட்டு மாதமும் நானும் அவனும் தினம் இரண்டு டீ குடித்தோம். சர்வர் விழுந்த கதை, சேப்பாக்கம் பிட்ச், மேனேஜரின் புது கார் என்று எல்லாம் பேசினோம். பதினோரு வருடப் பழக்கம். "ஏன்டா சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீ கேக்கலையேடா" என்றான்.

இனி யாராவது "ஆம்பளைங்க நட்புதான் நட்பு, பேசாமலே புரியும்" என்று ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு மண்ணும் புரியாது. எரரே வராத சர்வரை நல்ல சர்வர் என்று எந்த இன்ஜினியரும் சொல்லமாட்டான். லாக் எழுதுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பான்.

இந்தப் பெருமைக்குச் சாட்சியாக உடனே பிசிராந்தையாரைக் கூட்டிவந்துவிடுவார்கள். கோப்பெருஞ்சோழனைப் பார்க்காமலே நட்புக் கொண்டவராயிற்றே. சரி, ஆனால் சோழன் வடக்கிருந்தபோது தன் பக்கத்தில் அவருக்கு இடம் வைக்கச் சொன்னான். அவரும் பாண்டிய நாட்டிலிருந்து கிளம்பி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார். பார்க்காததைப் பிடித்துக்கொண்ட நாம் வந்து உட்கார்ந்ததை வசதியாக விட்டுவிட்டோம்.

அதே புறநானூற்றில் இன்னொரு நட்பும் இருக்கிறது. அதியமான் செத்தபிறகு ஔவை பாடிய 235-ஆம் பாட்டை எடுத்துப் படியுங்கள். கள் கொஞ்சமாக இருந்தால் அவளுக்கே கொடுத்துவிடுவான். நிறைய இருந்தால் அவள் பாட, அவனும் குடித்து மகிழ்வான். நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் அவள் தலையைத் தடவுவான். இப்படிச் சின்னச் சின்னதாக எண்ணி எண்ணி அழுகிறாள். கூடவே இருந்து கவனித்தவளால்தான் இப்படி அழ முடியும். நாம் இதற்குப் 'புரவலன் – புலவர்' என்று பெயர் வைத்து, ஒரு நெல்லிக்கனியோடு பாடத்தை முடித்தோம். பிற்காலக் கதை ஔவையை இளமையிலேயே கிழவியாக்கியது. 1953-இல் ஜெமினியின் 'ஔவையார்' வந்த பிறகு ஔவை என்றாலே நமக்கு கே.பி.சுந்தராம்பாள்தான். கிழவியாக இருந்தால்தான் ஒரு பெண்ணை ஓர் ஆணோடு உட்கார்ந்து கள் குடிக்க விடுவோம் போல.

பெண்களின் நட்பு கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவளை வேறு ஊருக்கு அனுப்பி, யாருக்குப் போன் செய்தாலும் "யாரு அது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் அது பெண்களின் சுபாவம் என்பது என்ன நியாயம்? என் அம்மா பள்ளித்தோழியின் முகவரியை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். நாற்பது வருடம் கழித்து, போன வருடம்தான் நம்பர் கிடைத்தது. ஒரு மணி நேரப் பேச்சு. போனை வைக்கும்போது தோழிக்குக் கர்ப்பப்பை எடுத்தது முதல் மருமகள் பேசாமல் இருப்பது வரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

நேற்று டீக்கடையில் அவனிடம், "நைட்டு சாப்பாட்டுக்கு என்னடா பண்ற?" என்று கேட்டேன். கேட்பதற்கே கூச்சமாக இருந்தது. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரும்பாலும் பிரெட்டுதான்டா" என்றான். அப்புறம் பேச ஆரம்பித்தான். இரண்டு பேர் டீயும் ஆறிப்போனது.